கெசட்டோட கடைசி 4 நிமிசம்: மாமாவோட பிஸ்கட் டின்னும் 5 மாச மல்லுக்கட்டும்

நேத்து ராத்திரி 11 மணிக்கு 14ஆம் நம்பர் பாட்டுக் கெசட் சிக்காம முழுசா ஓடி முடிஞ்சிச்சு. 45 நிமிசம். கடைசிப் பாட்டு பாதியில அறுந்து, ரீல் நின்னு, பிளே பட்டன் தானா 'டக்'னு மேல எகிறுச்சு பாருங்க, அந்த ஒரு 'டக்'குக்காக அஞ்சு மாசமா ஒரு பழைய கெசட் டெக்க ரிப்பேர் பண்ணிக்கிட்டு, இஸ்தோப்புல (வெளித் திண்ணையில) மேசையப் போட்டு உக்காந்திருக்கேன். வீட்டுல எல்லாரும் தூங்கிட்டதால கைதட்டக்கூட முடியல.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, இலங்கை மலையகத்துல ஹட்டன் - பொகவந்தலாவ ரூட்ல ஓடுன ஒரு பிரைவட் பஸ்ல கொண்டக்டரா இருந்தவரு. போன வருசம் தவறிட்டாரு. அவரு வீட்டுல ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய கெசட். மாமி கூப்பிட்டு, "இத நீ தூக்கிட்டுப் போறியா, இல்ல அடுப்புல போடவா"ன்னாங்க. எண்ணிப் பாத்தா 38. கடையில வாங்குன ஒரிஜினல் மூணே மூணு, மிச்சமெல்லாம் ரெக்கோடிங் பார்ல, அதாவது பாட்டுப் பதிஞ்சு குடுக்குற கடையில, அடிச்சது. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அது தெரியாது. கொப்பித் தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு ஒரு வெத்து கெசட்டுக்கும் சேத்து சல்லி கட்டுனா, ரெண்டு மூணு நாள்ல அடிச்சு வச்சிருப்பாங்க. 90 நிமிசக் கெசட்டுன்னா ஒரு பக்கம் 45. பத்துப் பாட்டு சொன்னா 41 நிமிசத்துல முடிஞ்சிடும், மிச்சம் 4 நிமிசம் சும்மா கெடக்கும். அந்த நாலு நிமிசத்துல அடிக்கிறவரு தனக்குப் புடிச்ச ஏதாவது ஒன்னப் போட்டு நிரப்பிடுவாரு. மாமா அதை "கடைக்காரன் பாட்டு"ன்னுவாரு. பஸ் நோர்வூட் தாண்டுறப்ப சரியா கடைக்காரன் பாட்டு வரும், டிரைவர் அண்ணன் சத்தத்தக் கூட்டுவாருன்னு சொல்லிச் சிரிப்பாரு.

எனக்கு வேண்டியது அதுதான். மத்த பாட்டெல்லாம் போன்ல கெடக்கு, தேடுனா ரெண்டு செக்கன்ல வந்துடும். கடைக்காரன் பாட்டு எங்கயும் எழுதியும் இருக்காது, கவர்ல பத்தாவது பாட்டோட பேரு முடிஞ்சிடும். எங்க பாட்டுக் கூட்டத்துல 60 பேருக்குக் கிட்ட இருக்கோம், இங்கயும் கொழும்புலயும் இந்தியாவுல கூடலூர் பக்கமும் ரெண்டு பேரு டோகாவுலயும். ஒருத்தர் கண்டுபுடிச்சத இன்னொருத்தருக்குப் போட்டுக் காட்றதுதான் எங்க வேலை. இத்தனை கெசட் கைக்கு வந்ததும் நான் கொஞ்சம் பெருமையா "ரெண்டு வாரத்துல எல்லாம் வரும்"னு எழுதிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் அஞ்சு மாசம்.

டெக்கும் மாமாவோடதுதான், ஜப்பான் டபுள் டெக், ரேடியோவோட. நான் ரேடியோ பாஸ் (ரிப்பேர்காரன்) கெடையாது, டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில பில் போடுறவன். ஸ்குரூட்ரைவர் புடிக்கத் தெரியும், அவ்வளவுதான். கரண்ட் குடுத்தா ரேடியோ பாடுது, பிளே அமுக்குனா உள்ள மோட்டர் மட்டும் உய்ங்னு சுத்துது, கெசட் அசையல. பின்னால 6 ஸ்குரூ, கைப்பிடிக்குள்ள ஒளிஞ்சிருந்த 1 (இத கண்டுபுடிக்க அரை மணி நேரம், அதுக்குள்ள ஒரு ஓரம் வெடிச்சுப் போச்சு). தொறந்தா மோட்டரையும் சக்கரத்தையும் இணைக்கிற ரப்பர் பெல்ட் இல்ல. பெல்ட் இருந்த எடத்துல தார் மாதிரி ஒரு கறுப்புப் பசை, மோட்டர் கப்பியிலயும் பிளைவீல்ங்கிற பெரிய சக்கரத்துலயும் அப்பிக் கெடக்கு. பழைய ரப்பர் அப்படித்தான் உருகுமாம். காது குடையிற பஞ்சுக் குச்சி ஒரு பாக்கெட்டும், ஐசோபுரப்பைல் அல்ககோல் அரைப் போத்தலும் அதுக்கே போச்சு. கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது. கையுறை போடுங்க, நான் போடல, அடுத்த நாள் பில் புத்தகம் பூரா என் பெருவிரல் அடையாளம், முதலாளி ஒன்னும் கேக்கல, பாத்தாரு.

பெல்டுக்கு மொதல்ல போட்டது சாதா ரப்பர் பேண்ட். சொல்லாதீங்க, தெரியும். பாட்டு வந்துச்சு, ஆனா பாடுறவரு ஊஞ்சல்ல உக்காந்து பாடுற மாதிரி போய்ட்டு போய்ட்டு வருது. அப்புறம் எங்க கடையில இருந்த தண்ணிக் குழாய் ஓ-ரிங்கு (ரப்பர் வளையம்) பெருசு ஒன்னு. அது ரொம்ப இறுக்கம், மோட்டர் சூடேறி வாசம் வந்துருச்சு. சரி, முறையா வாங்குவோம்னு தையல் நூல எடுத்து கப்பியச் சுத்தி அளந்தேன், 242 மில்லிமீட்டர். பெல்ட் கொஞ்சம் இழுத்துப் புடிக்கணும்னு 5 சதவீதம் கொறைச்சா 230. அத மடிச்சு வச்சா நீளம் 115. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுல ஒரு கடைக்கு கோல் எடுத்து "115 மில்லிமீட்டர் சதுர பெல்ட்"னேன். அவரும் அனுப்பிட்டாரு. வந்ததப் போட்டா இடுப்புல நிக்காத சாரம் மாதிரி தொங்குது. நான் சொன்னது மடிச்ச நீளம், அவரு எடுத்துக்கிட்டது வட்டத்தோட விட்டம். 115 விட்டம்னா சுத்தளவு 361 வருது. தப்பு அவருது இல்ல, என்னுது. ரெண்டாவது தடவ "விட்டம் 73"ன்னு சொல்லி வாங்குனேன். பெல்ட் 450 ரூபா, ரெண்டு தடவ தபால் செலவு 700. பெல்ட்ட விட தபால் கூட.

பெல்ட் மாட்டுனதும் ஆசையில எடுத்துப் போட்ட மொத கெசட்தான் 14. ஏன் 14ன்னா அதோட கவர்ல மாமா பென்சில்ல "கடைசி - கவனம்"னு எழுதியிருந்தாரு. நேரா ஓட்டிக் கடைசிக்குப் போனேன். பத்தாவது பாட்டு முடிஞ்சிச்சு, கொஞ்சம் சும்மா இருந்துச்சு, அப்புறம் ஏதோ மேளச் சத்தம், மூட்டைக்குள்ள அடிக்கிற மாதிரி தொம் தொம்னு. பத்து செக்கன் கேட்டிருப்பேன். கிர்ர்னு ஒரு சத்தம். தொறந்தா நாடா உள்ள உருளையச் சுத்திக் கூடு கட்டி வச்சிருக்கு. மெதுவா உருளையத் திருப்பித் திருப்பி எடுத்து, பேனைய உட்டுச் சுத்திச் சேத்தேன். ஒரு 30 சென்டிமீட்டர் கசங்கிப் போச்சு. நாடா செக்கனுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், அப்ப அது 6 செக்கன். அந்த 6 செக்கன் இனி எப்பவும் மங்கலாத்தான் கேக்கும். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

கெசட்டுல கோளாறுன்னு நெனச்சேன். வேற ஒன்னப் போட்டேன், அது முப்பத்தஞ்சு நிமிசம் அருமையா ஓடி, கடைசியில அதே கிர்ர். மூணாவது போடுறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. டவுன்ல வயசான ரேடியோ பாஸ் ஒருத்தர் இருக்காரு, கடைய மூடிட்டாரு, வீட்டுக்குப் போனேன். "அண்ணே, கடைசியில மட்டும் தின்னுது"ன்னேன். அவரு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே, "தம்பி, கடைசியில எந்தப் பக்கத்து ரீல் பெருசு?"ன்னு மட்டும் கேட்டாரு. வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். ஆரம்பத்துல சுத்துற பக்கம் சின்னதா இருக்கும், லேசா இழுத்தாலே நாடா வந்துடும். கடைசியில அந்தப் பக்கம் கொழுத்துப் போயிருக்கும், இழுக்குற பலம் அங்க எடுபடாது, அனுப்புற பக்கமோ மெலிஞ்சு இன்னும் இறுக்கிப் புடிக்கும். முன்னால உருளை நாடாவத் தள்ளிக்கிட்டே இருக்கு, பின்னால சுத்திக்க ஆள் இல்ல, அப்ப அது எங்க போகும்? அதாவது, எனக்கு வேண்டிய நாலு நிமிசம் எங்க இருக்கோ சரியா அங்கதான் இந்த மெசினுக்குக் கை வழங்கல.

சுத்துற பக்கத்துக்குப் பலம் குடுக்குறது ஒரு சின்ன ரப்பர் டயர் போட்ட சக்கரம், ஐட்லர்னு சொல்லுவாங்க. அஞ்சு ரூபா குத்தியவிடச் சின்னது. தொட்டுப் பாத்தா கண்ணாடி மாதிரி வழுக்குது. 400 நம்பர் சேன்ட் பேப்பரால லேசாத் தேச்சு அல்ககோல்ல தொடச்சதும் நல்லாப் புடிச்சிச்சு. ரெண்டே நாள்தான். மூணாம் நாள் பழைய குருடி கதவத் தொறடி. அப்பதான் திரும்பவும் ஓ-ரிங்கு ஞாபகம் வந்துச்சு. பெல்டா ஒதவாதது டயரா ஒதவாதா? பழைய டயரக் கழட்டி வேர்னியர்ல அளந்தேன், வெளி விட்டம் 14 மில்லிமீட்டர், தடிப்பு 2. கடையில டப்பாவக் கொட்டித் தேடுனதுல உள் விட்டம் 10, தடிப்பு 2ல ஒன்னு சிக்குச்சு, ஒன்னு 40 ரூபா, நாலு எடுத்தேன், பில்லும் நானே போட்டுக்கிட்டேன். அப்படியே போய் உக்காந்துச்சு. இந்த முழுக் கதையிலயும் மலிவா முடிஞ்சதும் நிக்குறதும் அந்த ஒன்னுதான்.

வேகம் சரி பாக்குறதுல இன்னொரு கூத்து. டெஸ்ட் கெசட்டுன்னு ஒன்னு இருக்கு, 3000 ஹேர்ட்ஸ் ஒரே சத்தம் பதிஞ்சது, எனக்கு அது எங்க கெடைக்கும். அதனால தெரிஞ்ச பாட்டு ஒன்ன எடுத்தேன். போன்ல 4 நிமிசம் 12 செக்கன், கெசட்டுல 4 நிமிசம் 3 செக்கன். 9 செக்கன் சீக்கிரமா முடியிது, 3.7 சதவீதம் வேகம், பாடுறவரு குரல் கொஞ்சம் சின்னப் பையன் மாதிரி. மோட்டர் பின்னால குண்டூசித் தலை அளவு ஓட்டை ஒன்னு இருக்கும், அதுக்குள்ள ஒரு திருகு. மெல்லிய ஸ்குரூட்ரைவரால தலைமயிர் அளவுக்குத் திருப்பினேன், சரியாச்சு. சந்தோசத்துல அடுத்த கெசட்டப் போட்டா அதுல எல்லாரும் தூக்கக் கலக்கத்துல பாடுறாங்க! யோசிச்சா, நான் அளந்த கெசட் ரெக்கோடிங் பார்ல அடிச்சது, அவங்க மெசின் அன்னைக்கு எந்த வேகத்துல ஓடுச்சோ யாருக்குத் தெரியும். அப்புறம் அந்த மூணு ஒரிஜினல் கெசட்டையும் வச்சு அளந்து, மூணுக்கும் நடுவுல நிறுத்தினேன். பார் கெசட்டுங்களுக்கு மிச்சத்த கம்பியூட்டர்ல தனித்தனியாத் திருத்துறேன்.

பூஞ்சணத்தப் பத்திச் சொல்லணும், நம்ம பக்கம் இது பெரிய பிரச்சினை. ஆடி மாசம் மழையும் பனியும் சேந்து ரெண்டு வாரம் வெயிலே இல்லன்னா பெட்டிக்குள்ள இருக்க சப்பாத்தே பூத்துடும், கெசட் எம்மாத்திரம். 38ல ஆறுல நாடா ஓரத்துல வெள்ளப் பூஞ்சணம். அத அப்படியே ஓட்டுனா ஹெட்டுக்கும் (நாடாவுல இருக்க சத்தத்தப் படிக்கிற பாகம்) ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் பரவும், அதனால தனியா வச்சேன். காய வைக்கணுமேன்னு அறிவாளி மாதிரி அடுப்புப் பரண்ல, வெறகு காயிற எடத்துல ஒன்ன வச்சேன். ரெண்டு நாள்ல பெட்டி அப்பளம் மாதிரி வளைஞ்சிருச்சு. நல்ல வேளை நாடாவுக்கு ஒன்னும் இல்ல, வேற பெட்டிக்கு மாத்திட்டேன். இப்ப செய்றது, மூடி இறுக்கமான டின்னுக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் (சப்பாத்துக் கடைத் தம்பி சும்மாவே ஒரு பை நிறையத் தந்தான்) போட்டு ஒரு வாரம். அப்புறம் வாய மூடித் துணி கட்டிக்கிட்டு, வெளிய உக்காந்து, பஞ்சால தொட்டு மெதுவாக் கையால சுத்துறது. 5 ஸ்குரூ போட்ட பெட்டின்னா தொறக்கலாம். ஒட்டி வச்ச பெட்டின்னா பிளேடால நெம்பணும், அதுல விரலும் போகும். நாடாவ ஹெட்டோட அமுக்குற சின்னக் கம்பளித் துண்டு நாலு கெசட்டுல உதுந்து போயிருந்துச்சு, ஒதவாத கெசட்டுல இருந்து பிச்சு மாத்தினேன்.

ஹெட் கோணம் பாக்குறத நான் கடைசியாச் செஞ்சேன், அதத்தான் மொதல்ல செஞ்சிருக்கணும். ஹெட்டுப் பக்கத்துல ரெண்டு ஸ்குரூ, ஒன்னு ஸ்பிரிங் போட்டது. பழைய எடத்த அக்காவோட நகப் பாலிஷால அடையாளம் வச்சுட்டு, பாட்டு ஓடுறப்பவே கால் சுத்து அந்தப் பக்கம், கால் சுத்து இந்தப் பக்கம். ஒரு எடத்துல 'ச'வும் 'ஸ'வும் கத்தி மாதிரித் தெளிவா வரும், அங்க நிறுத்தணும். ரெக்கோடிங் பார் மெசினோட கோணம் வேற, ஒரிஜினல் கெசட்டோட கோணம் வேற, அதனால கெசட்டுக்குக் கெசட் திருப்பத்தான் வேணும்.

கம்பியூட்டருக்கு எடுக்குறதுல நான் சல்லிய வீணாக்குன கதை சுருக்கமா: லெப்டொப் மைக் ஓட்டையில குடுத்தா கரகரன்னு வெடிக்குது. கம்பியூட்டருக்குச் சத்தம் ஏத்துற 650 ரூபா யூஎஸ்பி குச்சி வாங்குனேன், அதுலயும் மைக் ஓட்டைதான், இடது வலது சேந்து ஒன்னாத்தான் வருது. கடைசியில லைன்-இன், அதாவது டெக்குல இருந்து நேராச் சத்தம் வாங்குற ஓட்டை, இருக்க ஒன்னு 3,900க்கு. ம்ம்ம்னு ஒரு ஹம் இருந்துச்சு, லெப்டொப் சார்ஜரக் கழட்டுனதும் நின்னுருச்சு. ஓடாசிட்டிங்கிற சொப்ட்வெயார்ல 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், சத்தம் எவ்வளவு ஏறுனாலும் மைனஸ் 6 டெசிபலத் தாண்டாம. ஒரு மணி நேரம் 600 எம்பிக்கு மேல போகுது, எங்க லயத்துப் பக்கம் (தோட்டத்து லைன் வீடுங்க) சிக்னல் பீலிக்கரைக்கு, தண்ணி புடிக்கிற எடத்துக்கு, ஏறுனாத்தான் புடிக்கும், அதனால முழுக் கெசட்டையும் யாருக்கும் அனுப்புறதில்ல. கடைக்காரன் பாட்ட மட்டும் வெட்டி எம்பி3 ஆக்குனா 4 நிமிசம் 10 எம்பிக்குள்ள அடங்கிடும். கூட ரெண்டு வரி: கெசட் நம்பர், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிசம், அதுக்கு முன்னால என்ன பாட்டு. இந்தக் கடைசித் தகவல் முக்கியம். உருக்கமான சோகப் பாட்டு முடிஞ்ச கையோட எம்.எஸ்.பெர்னாண்டோவோட பைலா, சிங்கள ஆட்டப் பாட்டு, வந்து குதிச்சா வர்ற சிரிப்பு தனியா அனுப்புனா வராது.

இதுவரைக்கும் வந்ததுல போனி எம்ங்கிற டிஸ்கோ குழு மட்டும் நாலு தடவ, ஏ.ஈ.மனோகரன் பொப் மூணு, நாகூர் ஹனிபா ரெண்டு, அரபியில ஒரு அம்மா பாடுறது, மவுத் ஓர்கன் மட்டும் தனியா ஒன்னு. ஒரே கையெழுத்து, ஒரே கடை. இந்தக் கடைக்கார மனுசன் ராத்திரி ஹெட்போன மாட்டிக்கிட்டு என்னதான் கேட்டிருப்பாருன்னு நெனச்சாவே எனக்கு அவரு மேல பொறாமையா இருக்கு.

சரி, 14. நேத்து, ஓ-ரிங்கு மாட்டுன டெக்குல கோணம் பாத்து, விரல ஸ்டொப் பட்டன் மேலயே வச்சுக்கிட்டு உக்காந்தேன். அன்னைக்கு மூட்டைக்குள்ள தொம் தொம்னு கேட்டது இப்ப ரெண்டாப் பிரிஞ்சிச்சு. குட்டைக் குச்சியோட அடி தனியா, மெல்லிய நீட்டுக் குச்சியோட 'கிண்' தனியா. தப்பு, நம்ம தோல் மேளம்! மேல ஒரு வயசான குரல், ரதி பொலம்புற பாட்டு, மன்மதன எரிச்ச கதைய ஆடுற காமன் கூத்து. ஏதோ ஒரு தோட்டத்துல, மாசி மாசம், யாரோ மைக்க நீட்டிப் புடிச்சிருக்காங்க. நடுவுல தப்பு நின்னுடுது, அரை நிமிசம் வெறும் கரகர சடசடன்னு ஒரு எரைச்சல், அப்புறம் திரும்பவும் தப்பு, முன்னவிடக் கணீர்னு. அந்த 6 செக்கன் மங்கலும் வந்துட்டுப் போச்சு.

எரைச்சல் அசிங்கமா இருக்கேன்னு நான் ஓடாசிட்டியில அந்த அரை நிமிசத்தையே மாதிரியாக் குடுத்து நொய்ஸ் ரிடக்சன் போட்டு, சுத்தமாத் தொடச்சு, ராத்திரியோட ராத்திரியா பீலிக்கரைக்கு ஏறி அனுப்பிட்டுப் படுத்தேன். காலையில கூடலூர்ல இருந்து ஒரு ஐயா வொய்ஸ் அனுப்பியிருந்தாரு. அவரு 70கள்ல இங்கயிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவரு. "தம்பி, பாட்டு நம்ம பாட்டுதான். ஆனா நடுவுல தப்ப நிறுத்துறாங்கல்ல, அங்க நெருப்புச் சத்தம் வந்திருக்கணுமே, பனியில தோலு தொஞ்சு போயிடும், காய வச்சுத்தான அடிப்போம், அங்க ஏன் ஒன்னுமே இல்ல?"

ஒரிஜினலத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சடசட, ஒரு 'பட்', திரும்ப சடசட. காஞ்ச மிலாறு (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி) எரியிற சத்தம். தெனமும் எங்க வீட்டு அடுப்புல கேக்குறது. நான் அதத்தான் நொய்ஸ்னு தொடச்சிருக்கேன்.

தொடைக்காத பைல இன்னைக்கு மத்தியானம் அனுப்பிட்டேன், பழசத் தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. முன்னால அனுப்புன 11லயும் நொய்ஸ் ரிடக்சன் போட்டிருக்கேன், எல்லாத்தையும் வரிசையாத் திரும்ப அனுப்புறேன். மொத்தச் செலவு, வீணாப் போனதையும் சேத்து, 8,400 ரூபா கிட்ட. திரும்பச் செய்றதா இருந்தா, ஐட்லரத் தொட்டுப் பாக்காம ஒரு கெசட்டும் போட மாட்டேன், லைன்-இன் இருக்கான்னு கேக்காம குச்சி வாங்க மாட்டேன். மிச்சம் மூணு ஓ-ரிங்கு தீப்பெட்டிக்குள்ள இருக்கு, யாருக்காச்சும் அளவு பொருந்துனா சொல்லுங்க, தபால்ல போட்டு விடுறேன். பூஞ்சணம் புடிச்ச ஆறும் டின்னுக்குள்ள காயுது.